நாத்தனார் பாடிய ஒப்பாரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாத்தனார் சினாராவை யாராவது பொய்க்காரி என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் சொல்லலாம். பதினோரு வருஷமாக அவளோடு ஒரே வீட்டில் குப்பை கொட்டுகிறவள் நான். மற்றவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

கொச்கோர் என்கிற மலையூரில், கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டாவது சந்தில் எங்கள் வீடு. மாமனார், நான், சினாரா, என் இரண்டு பெண்கள். என் வீட்டுக்காரர் ரஷ்யாவில் லாரி ஓட்டுகிறார். வருஷத்துக்கு ஒரு முறை வந்து எல்லாரையும் அதிகாரம் பண்ணிவிட்டுப் போவார். மாமனார் பெயரை நான் சொல்ல மாட்டேன். மருமகள் வாயில் அந்தப் பெயர் வரக்கூடாது, எங்கள் பக்கம் அப்படி. நாரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அந்தச் சாலையில் டீக்கடைக்காரன் முதல் போலீஸ்காரன் வரை அவரைத் தெரியாதவர் இல்லை.

சினாராவுக்கு முப்பத்திரண்டு வயது. குழந்தைகளுக்கான இசைப் பள்ளியில் கோமுஸ் வாசிக்கச் சொல்லித்தருகிறாள். மூன்றே நரம்பு, அதை வைத்துக்கொண்டு எப்படித்தான் அவ்வளவு செய்கிறாளோ. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால், "அவருக்குப் பாட்டுச் சத்தம் ஆகாது அண்ணி" என்பாள், அவ்வளவுதான். பாட்டெல்லாம் அவளே கட்டுவது. மழையில் நின்றுபோன பஸ்ஸைப் பற்றி ஒன்று, எதிர்வீட்டு வாத்துகளைப் பற்றி ஒன்று. கேட்டால் சிரிப்பு வரும், கூடவே எங்கேயோ சுருக்கென்று குத்தும். ஆனால் கல்யாணத்துக்குக் கூப்பிடுகிறவர்கள் ஆட்டம் போடத்தான் பாட்டுக் கேட்பார்கள். வாத்துப் பாட்டை யார் கேட்கிறார்கள்? அவளை ஏற்று நடத்தக் கம்பெனியும் இல்லை, ஆளும் இல்லை. கையில் ஒரு போன் இருந்தது. மூன்று வருஷம் அதில் பாடிப் பாடிப் போட்டாள். ஒவ்வொன்றையும் நூறு பேர், நூற்றைம்பது பேர் பார்ப்பார்கள். அதில் பத்துத் தடவை நான் பார்த்ததாக இருக்கும்.

பிறகுதான் தாலாய் வந்து சேர்ந்தான். பிஷ்கெக்கில் பாடகர்களைப் பிரபலமாக்குவதே அவன் தொழில். இருபத்தைந்து வயதிருக்கும், காதில் எப்போதும் ஏதோ மாட்டியிருப்பான். "அக்கா, தினம் ஒண்ணு போடணும். ஒரு நாள் விட்டீங்கன்னா ஜனங்க மறந்துடுவாங்க. முதல் மூணு செகண்டுல ஆளைப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா போயிட்டே இருப்பாங்க" என்றான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்புக்கு விறகு இருக்கிறதோ இல்லையோ, தினம் ஒரு வீடியோ இருந்தாக வேண்டும். காய்ச்சலோடு பாடினாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே பாடினாள். பேச்சு நடுவில் திடீரென்று நிறுத்தி, "அண்ணி, இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க, எடுத்துக்கறேன்" என்பாள். எரிச்சல் எரிச்சலாக வரும்.

மார்ச் மாதம், துணிக்கடை ஜெய்னெப்பின் அப்பா மலைமேல் கிராமத்தில் செத்துப்போனார். குதிரை மேய்த்தவர். எங்கள் ஊரில் அப்பா செத்தால் மகள்கள் சாவு வீட்டில் போடும் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். வருகிறவர்கள் வெளியே நின்று கேட்பார்கள். பாடத் தெரியாத மகளைப் பற்றி அப்புறம் பத்து வருஷம் பேசுவார்கள். ஜெய்னெப்புக்கு நாக்கு கடையில்தான் நீளும், பாட்டு வராது. கொல்லை வழியாக வந்து சினாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு கட்டிக் குடுடி. போன்ல பாடி அனுப்பு, மனப்பாடம் பண்ணிக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே, மானம் போயிடும்."

மகள் பாட வேண்டியது, அதனால் வார்த்தையெல்லாம் மகள் வாயில்தான் வரும். சினாரா தலை குளிக்காமல் முக்காடு போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தபடி பாடினாள்.

"கணவாய் ஏறிப் போனவரே, கையசைக்க மறந்தவரே,
கட்டின குதிரை கனைக்குதே அப்பா, கடிவாளம் யாரு பிடிப்பாரோ."

நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எனக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தக் கிழவரை நான் பார்த்ததுகூட இல்லை.

அன்றைக்குப் போடுவதற்கு அவளிடம் வேறெதுவும் இல்லை. தாலாயிடமிருந்து மூன்று முறை செய்தி வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பாட்டில் நாற்பது வினாடியை வெட்டி எடுத்துப் போட்டுவிட்டாள். கீழே ஒரு வார்த்தை எழுதவில்லை. ஜெய்னெப் பெயரை எழுத முடியாது. ஜெய்னெப்போ அங்கே கூடாரத்தில் இரண்டு வரி பாடுவதற்குள் விம்மி அழுது நின்றுபோனாளாம், மீதியை யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பார்த்தால் இரண்டு லட்சம் பேர். நான் நம்பவில்லை, கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். "பொறுமையா இரு சகோதரி." "உங்க அப்பாவுக்கு சொர்க்கம் கிடைக்கட்டும்." இப்படியே ஆயிரக்கணக்கில்.

"ஏய், உங்க அப்பா கொல்லையில மாட்டுக்குத் தவிடு வச்சுட்டு இருக்காரு. இது என்னடி கூத்து? உடனே எழுது" என்றேன்.

"எழுதத்தான் அண்ணி எடுத்தேன். இதைப் படிங்க முதல்ல." போனை நீட்டினாள். ரஷ்யாவில் எங்கேயோ கட்டட வேலை செய்கிற ஒருவர் எழுதியிருந்தார். ஊரில் அப்பா செத்துப்போனார், என்னால் போக முடியவில்லை, உன் பாட்டைக் கேட்டு இங்கேயே என் அப்பாவை அடக்கம் பண்ணிக்கொண்டேன், மகளே நன்றி என்று. "இந்த ஆள்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன், இது சும்மா கட்டினதுன்னு?"

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சொல்லியிருக்க வேண்டும். அன்றே அடித்துப் பிடித்துச் சொல்ல வைத்திருக்க வேண்டும். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

மூன்றாம் நாள் காலை. மாமனார் முற்றத்தில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். சந்து முனையில் ஆண்கள் ஓலமிடும் சத்தம். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் தூரத்திலிருந்தே அப்படித்தான் கத்திக்கொண்டு வருவார்கள். "ஐயோ என் ஈரக்குலையே! ஐயோ என் அண்ணே!" சத்தம் எங்கள் வாசலில் வந்து நின்றது.

மாமனார் முகம் வெளுத்துப்போய்விட்டது. வீட்டில் எல்லாரும் கண்ணெதிரே இருக்கிறோம், இல்லாதது ஒரே ஆள். "என் பையன்!" என்று அலறினார். "என் பையனுக்கு என்னடா ஆச்சு!" செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார். லாரி, பனி, ரஷ்யா எல்லாம் கண்முன்னே வந்து போயின, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வாசலில் நாரின் டிரைவர் மாம்பெத்தும் இன்னும் இரண்டு பேரும். மாமனாரோடு வேலை பார்த்தவர்கள். அழுதுகொண்டே ஓடிவந்து மாமனாரைக் கட்டிக்கொண்டார்கள். மூன்று பேரும் அவரும் சேர்ந்து ஒரு நிமிஷம் அழுதார்கள். அப்புறம்தான் மாம்பெத் நிமிர்ந்து யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பார்த்தார்.

"டேய்! நீ செத்துட்டியே!"

"நானா? எப்போ?"

"உன் பொண்ணு ஒப்பாரி வச்சாளே, ஊரே பாக்குதே!"

"நாசமாப் போறவனே, என் பையன் செத்துட்டான்னு நினைச்சு என் உசிரே போயிடுச்சுடா!" என்று மாமனார் அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு நால்வரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து போய் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அவர் "என்ன?" என்றதும் வைத்துவிட்டேன். குரல் கேட்டது போதும்.

டீ குடிக்கும்போது பாட்டைப் போட்டுக் காட்டினோம். மாமனார் முழுதும் கேட்டார். "குதிரை கட்டியிருக்கேனாமே? எனக்குக் குதிரையைக் கண்டாலே பயம்டா" என்றார். அப்புறம் மெதுவாக, "நல்லாத்தான் பாடியிருக்கா" என்றார்.

சினாரா அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். அன்று மாலையே உண்மையைச் சொல்லி ஒரு வீடியோ எடுத்தாள், நான்தான் போனைப் பிடித்தேன். போடுவதற்கு முன் தாலாய்க்கு அனுப்பினாள். அடுத்த நிமிஷமே அழைப்பு.

"அக்கா, இதைப் போட்டீங்கன்னா முடிஞ்சீங்க. எட்டு லட்சம் பேரு அழுதிருக்காங்க. அவங்களை முட்டாளாக்கினா சும்மா விடுவாங்களா? போற இடமெல்லாம் கல்லெறிவாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. மே கடைசியில பிஷ்கெக்ல மண்டபம் பிடிக்கறேன். உங்க பாட்டெல்லாம் பாடுங்க, கடைசியில ஒப்பாரி. அப்புறம் அப்பாவை மேடைக்குக் கூப்பிடுங்க. 'இவர்தான், உயிரோட இருக்காரு, இன்னொரு மகளுக்காகக் கட்டின பாட்டு அது'ன்னு சொல்லுங்க. நேர்ல பாத்தா ஜனங்க சந்தோஷப்படுவாங்க. அதுவரைக்கும் அப்பா முகம் எதிலயும் தெரியக்கூடாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. "ரெண்டு மாசம் தானே, நான் செத்தே இருக்கேன் போ" என்றார் மாமனார்.

அந்த இரண்டு மாதம் இருக்கிறதே, என் எதிரிக்குக்கூட வேண்டாம்.

முதலில் மாட்டிக்கொண்டது சினாராதான். தன் வாத்துப் பாட்டைப் போட்டாள். "அப்பா செத்து நாற்பது நாள்கூட ஆகலை, இளிக்கிறா பாரு" என்று ஒருத்தி. "சிவப்புச் சட்டையா? உனக்கு வெட்கமில்லையா?" என்று இன்னொருத்தி. எடுத்துவிட்டாள். அதற்கப்புறம் கறுப்பு உடுத்தாமல் போன் முன்னால் உட்காரவில்லை. ஒரு நாள் என் சின்னப் பெண் ஏதோ உளறினாள் என்று விழுந்து விழுந்து சிரித்தவள், ஜன்னல் பக்கம் பார்த்துச் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தில் யாரோ போனோடு போய்க்கொண்டிருந்தார்கள். சொந்த வீட்டில் சிரிக்கப் பயம்.

மாமனார் பாடு அதைவிட மோசம். தினம் பூங்காவில் தோகுஸ் கோர்கோல் ஆடுவார், ஒன்பது ஒன்பது குழியில் காய் போட்டு ஆடும் ஆட்டம். கூட்டாளிகள் முதலில் கேலிதான் செய்தார்கள். "பிணத்துக்கெல்லாம் ஆட்டம் கிடையாது, எந்திரி எந்திரி" என்று. ஆனால் ஒருவர் அவர் ஆடுகிறதைப் படம் பிடித்து, "ஆள் உயிரோடுதான் இருக்கார்" என்று எழுதிவிட்டார். தாலாய் அதை அழிக்கவைத்து, சினாராவிடம் கத்தினான். மறுநாளிலிருந்து மாமனார் பூங்காவுக்குப் போகவில்லை. முப்பது வருஷம் சாலையில் கிடந்த மனுஷன், முற்றத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் நடந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை தெற்கே ஓஷ் நகரத்திலிருந்து இரண்டு பெண்கள் விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பாட்டுக் கேட்டு அழுதவர்களாம், வீட்டில் வந்து துவா செய்ய வேண்டுமாம். மாமனாரைத் தொழுவத்துக்கு அனுப்பினோம். வந்தவர்கள் மாவு, எண்ணெய் எல்லாம் கொண்டு வந்திருந்தார்கள். செத்தவர் ஆத்மாவுக்கு எண்ணெய் வாசனை போக வேண்டும் என்று போர்சோக் பொரிப்பது எங்கள் வழக்கம். உயிரோடிருக்கும் மாமனாருக்காக என் கையால் பொரித்தேன். ஒவ்வொரு மாவுத் துண்டும் எண்ணெயில் உப்பி வர வர அரித்து எடுத்தேன். அவர்கள் போனதும் ஒரு தட்டில் போட்டுத் தொழுவத்துக்கு எடுத்துப் போனேன். மாட்டுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "நல்லாருக்கேம்மா. செத்தா தினமும் கிடைக்குமா?" என்றார்.

"மாமா, விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார். வைக்கோலைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். "அவ மேடையில கூப்பிடுற அன்னிக்கு எல்லாம் சரியாயிடும்."

அந்த நாளைத்தான் நாங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்கினோம். மாமனார் புதுக் கோட்டு தைத்துக்கொண்டார். வெள்ளைத் தொப்பியைத் துவைத்து, வடிவம் கெடாமலிருக்க அச்சில் மாட்டிக் காயவைத்தார். மேடையில் ஏறியதும் எல்லாருக்கும் ஆசி சொல்ல வேண்டும் என்று நாலு வரி தயார் பண்ணி, மாட்டிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சினாரா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள். "பாட்டு முடிஞ்ச உடனே சொல்லிடுவேன் அப்பா. அதுக்கு மேல ஒரு நிமிஷம் தாங்காது எனக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நிகழ்ச்சி. முன்னூறு இருக்கை, ஒன்றுகூடக் காலியில்லை. யாருக்கும் தெரியக்கூடாது என்று மாமனார் முகத்தை மறைத்து மாஸ்க் போட்டிருந்தார். நானும் அவரும் பதினோராவது வரிசை ஓரத்தில், மேடைக்குப் போகும் நடைவழியை ஒட்டியே உட்கார்ந்தோம். திரை விலகியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மாமனாரின் படம். தாலாய் வேலை. பஸ் ஸ்டியரிங்கில் கை வைத்துச் சிரிக்கிறார், நாற்பது வயசுப் படம்.

"அட, எவ்வளவு முடி எனக்கு" என்று என் காதில் சொன்னார்.

சினாரா முதலில் தன் பாட்டுகளைப் பாடினாள். மழை பஸ், வாத்துகள், இன்னும் நான் கேட்டேயிராத இரண்டு. எவ்வளவு நன்றாகப் பாடினாள் தெரியுமா! ஜனங்கள் போனைப் பார்த்துக்கொண்டும் பக்கத்தில் பேசிக்கொண்டும் இருந்தார்கள். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும் போலிருந்தது, கேளுங்கடா, மூணு வருஷமா இதைத்தான் பாடறா என்று. பிறகு கோமுஸை ஓரமாக வைத்துவிட்டு முக்காட்டை இழுத்துவிட்டாள். மண்டபம் அடங்கியது.

முழு ஒப்பாரியையும் பாடினாள். எட்டு நிமிஷம். என் இடது பக்கம் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்தி அழுதாள். மாமனார் தோளும் குலுங்கியது, மாஸ்க் நனைந்துவிட்டது. பாட்டு முடிந்து கைதட்டல்கூட இல்லை, விம்மல்தான். சினாரா மைக்கைப் பிடித்தாள். எங்கள் வரிசையைத் தேடிப் பார்த்தாள்.

"எங்க அப்பா..." என்றாள்.

மாமனார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழப்போனார்.

அப்போது முதல் வரிசையிலிருந்து நீளத் தாடி வைத்த ஒரு பெரியவர் எழுந்தார். "அழாதே மகளே. உங்க அப்பாவுக்காக எல்லாரும் சேர்ந்து துவா செய்வோம்" என்று உரக்கச் சொல்லி இரண்டு கையையும் விரித்தார். முன்னூறு பேரும் கையை விரித்தார்கள். அவர் ஓத ஆரம்பித்தார். பின்வரிசைப் பையன்கள்கூடப் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கை ஏந்தினார்கள். மேடையில் சினாரா ஒருத்தி மட்டும் கையைத் தொங்கவிட்டபடி, எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் மடியிலிருந்து கையை எடுத்தார். எனக்குப் புரிந்துவிட்டது, அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினேன். "வேண்டாம் மாமா. வேண்டாம்" என்றேன். என் கையை மெதுவாக விலக்கினார். விலக்கிவிட்டு, தன் உள்ளங்கைகள் இரண்டையும் அவளுக்குத் தெரியும்படி உயர்த்தி விரித்தார். ஓதி முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து "ஆமீன்" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சினாரா தலை குனிந்தாள். "ரொம்ப நன்றி" என்றாள் மைக்கில். அவ்வளவுதான் சொன்னாள்.

பக்கத்து அம்மாள் மாமனார் பக்கம் எட்டி, "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள்.

"ஒரே ஊரு" என்றார் மாமனார். "நல்ல மனுஷன்."

சினாராவைச் சுற்றிக் கூட்டம், பூ, படம் பிடிக்கிறவர்கள். நாங்கள் கிட்டே போகவில்லை. மினிபஸ் பிடித்து ஊர் திரும்பினோம். பாதி வழியில் என்னால் தாங்க முடியவில்லை. "அவதான் வாயைத் திறக்கலைன்னா, நீங்க ஏன் மாமா கையைத் தூக்கினீங்க? மாஸ்க்கைக் கழட்டிட்டு எந்திரிச்சு நின்னிருந்தா போதுமே! ரெண்டு மாசமா இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தோம்!"

ஜன்னல் வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னூறு பேரு கையேந்தி நிக்கிறாங்க. அதுக்கு நடுவுல நான் எந்திரிச்சா, அவங்க எல்லாரும் அவ மேலதானே பாயணும்? என்னைப் பாத்துக்கிட்டு நின்னா பாரு, சின்ன வயசுல பள்ளிக்கூட வாசல்ல விட்டுட்டு வரும்போது அப்படித்தான் பாப்பா. வேற என்னம்மா பண்ணச் சொல்றே?"

அந்த மனுஷன் மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமலிருக்கவும் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் சினாரா வந்தாள். ஓஷ், ஜலாலாபாத், மாஸ்கோ என்று தாலாய் மூன்று மண்டபம் பிடித்துவிட்டானாம். எல்லாவற்றிலும் ஒப்பாரி கடைசி. அதைச் சொல்லிவிட்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றாள். நான் அவளைக் கண்டபடி ஏச வேண்டும் என்று காலையிலிருந்து வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் இன்னொரு கிண்ணம் எடுத்து வைத்தேன்.

"வா, உட்காரு. டீ ஆறுது" என்றார் மாமனார்.

வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அந்தக் கிண்ணத்தில் டீ ஊற்றி அவள் முன் நகர்த்தி வைத்தார். அவள் எடுக்கும்போது போன் அடித்தது. தாலாய். லைவ் வரச் சொன்னான், நேற்று வந்தவர்கள் எல்லாம் காத்திருக்கிறார்களாம். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

மாமனார் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளறைக்குப் போய், அவரே கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்.